பட்டணம் வளரும்போது கிராமம்

(நரிக்குடி வட்டாரத்து ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய பிரசங்கம்)



ஒரு கிராமத்துக்கு அருகே பட்டணம் வளருமாயின் அக்கிராமம் தழைக்குமா, தேயுமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம். இது நமக்கு அந்நியமானதன்று. மேற்கே அருப்புக்கோட்டை நெசவினாலும் நூற்பாலைகளினாலும் வளர்ந்திருக்கிறது. 1964-ம் வருஷத்தில் அங்கிருந்து மானாமதுரைக்கு ரயில் பாதை திறக்கப்பட்டு, நரிக்குடியும் அப்பாதையில் ஒரு ஸ்டேஷன் ஆயிற்று. நம்முடைய மிளகாயும் பருத்தியும் பட்டணம் போகின்றன. நம்முடைய பிள்ளைகளும் போகிறார்கள். பின்னதைத் தடுக்க எவராலும் ஆகாது, தடுப்பதும் நியாயமன்று. ஆனால் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்போது கிராமத்தில் என்ன எஞ்சியிருக்கும் என்பது நம்மைப் பொறுத்தது.

இவ்விஷயத்தில் இங்கிலாந்து தேசத்துக் கிராமங்களின் சரித்திரம் படிப்பினை தரும். முற்காலத்தில் அங்கே பல கிராமங்களுக்குப் பொது மேய்ச்சல் நிலம் இருந்தது. சொந்த நிலமில்லாத ஏழையும் அதில் ஒரு பசுவை மேய்த்துக்கொள்வான், விறகு பொறுக்கிக்கொள்வான். 18, 19-ம் நூற்றாண்டுகளில் பார்லிமெண்டுச் சட்டங்களின் மூலம் அந்நிலங்கள் வேலியடைக்கப்பட்டுத் தனியார் கைக்குப் போயின. சாகுபடி சில இடங்களில் விருத்தியடைந்தது உண்மையே. எனினும் பசுவை இழந்த ஏழைக்குக் கூலியைத் தவிர வேறு பிடிப்பில்லாமற் போயிற்று. அதே காலத்தில் ஆலை நகரங்கள் பெருகின. 1851-ம் வருஷத்து ஜனக்கணக்கில், அத்தேசத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பட்டணவாசிகளாகிவிட்டனர்.

இந்தச் சரித்திரத்தை ஆராய்ந்து 1907-ல் நூல் எழுதியவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆசிரியர். பின்னர் அவரே சென்னைச் சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். அவர் தம் மாணாக்கர்களிடம் வினாப்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, கிராமங்களுக்குச் சென்று ஜனத்தொகை, நிலம், சாகுபடி, உபதொழில், கடன் ஆகியவற்றை விசாரித்து எழுதச் சொன்னார். அவை 1918-ல் புத்தகமாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று நம் பக்கத்துக் கிராமமே: சிவகாசிக்கு அருகிலுள்ள வடமலாபுரம். அப்புத்தகத்திலுள்ள கிராமங்களை 1936-37-ல் சர்வகலாசாலையார் மறுபடியும் ஆராய்ந்தனர். 1983-ல் வடமலாபுரம் மீண்டும் ஆராயப்பட்டது. ஆகவே வானம் பார்த்த பூமியிலுள்ள ஒரு கிராமத்தைப் பற்றி, ஏறக்குறைய எழுபது வருஷத்துக் கணக்கு எழுத்தில் இருக்கிறது.

அந்த எழுபது வருஷத்தில் அதன் அயலிலிருந்த சிவகாசி அடியோடு மாறிற்று. 1923-ல் அங்கே தீப்பெட்டித் தொழில் தொடங்கிற்று. பின்பு பட்டாசும் அச்சுத் தொழிலும் சேர்ந்தன. மழை பொய்த்த வருஷங்களில் சுற்றுக் கிராமத்து ஏழைகளுக்கு அத்தொழில் கஞ்சி வார்த்தது; இதை மறுக்கலாகாது. ஆனால் கிராமத்துச் சிறுவர் சிறுமியர் பள்ளிக்கூடத்தை விட்டு, விடியுமுன் பஸ் ஏறி, குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் போனார்கள். 1986-ம் வருஷத்துச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் குழந்தைகளை வைத்துக்கொள்வதை விலக்கிற்று. பட்டணத்தின் கூலி வேண்டியதே. ஆயினும் அதையன்றி வேறு ஆதாரம் இல்லாத குடும்பம் எந்த நிபந்தனைக்கும் இசைய வேண்டியதாகிறது.

நமக்கு அந்த வேறு ஆதாரம் எது? கண்மாய், ஊருணி, வரத்துக் கால்வாய், மேய்ச்சல் புறம்போக்கு ஆகிய இவையே. இங்கிலாந்தில் பொதுநிலத்தைச் சட்டம் கொண்டு எடுத்தார்கள். நம் பக்கத்தில் எவரும் எடுக்காமலே அது போய்விடக் கூடும். மடையைக் கவனித்த நீர்பாய்ச்சிக்கு ஊரார் கொடுத்துவந்த நெல் நின்றால், மடை பழுதாகும். வரத்துக்கால் தூர்ந்தால், பெய்த மழையும் கண்மாய் சேராது. கரையிலும் உட்புறத்திலும் சீமைக் கருவேலம் அடரும். அதன்பின் அது யாருக்கும் வேண்டாத நிலமாகத் தோன்றும். பட்டணம் நெருங்கும்போது அத்தகைய நிலத்தின் மீதே முதலில் கண் விழும்.

ஆகையால் அங்கத்தினர்கள் கருத்தில் கொள்ள வேண்டியவை நான்கு.

முதலாவது, கிராம நிர்வாக அதிகாரியிடமுள்ள அ-பதிவேட்டைப் பார்த்து, ஊரின் கண்மாய், ஊருணி, புறம்போக்கு ஒவ்வொன்றின் சர்வே நம்பரையும் விஸ்தீரணத்தையும் ஒரு நோட்டில் எழுதிச் சங்கத்தில் வைக்க வேண்டும். எழுத்தில் உள்ளதை அபகரிப்பது கடினம்.

இரண்டாவது, கோடையில் தாசில்தாரிடம் அனுமதி பெற்று, கண்மாய்க் கரம்பையை அங்கத்தினர்கள் ஒன்றுகூடி நிலத்திற்கு அடிக்க வேண்டும். நிலத்திற்கு உரமும் கண்மாய்க்கு ஆழமும் ஒரே வேலையில் கிடைக்கும்.

மூன்றாவது, மிளகாயைச் சாக்குச் சாக்காகத் தனித்தனியே மண்டிக்குக் கொண்டுபோகாமல், தரம் பிரித்துச் சேர்த்து விற்க வேண்டும். தனியாகப் போகிறவன் சொன்ன விலைக்குக் கொடுத்து வருகிறான். இருபது பேர் சரக்கோடு போகிறவன் விலை கேட்கிறான்.

நான்காவது, பட்டணத்தில் சம்பாதிக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் சிறு பகுதியாவது சங்கத்தில் டிபாசிட்டாகச் சேர வேண்டும். அப்பணம் இங்கேயே விதைக்கும் உழவுக்கும் கடனாகச் சுழலும்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஆலை நகரத்தில், 1844-ம் வருஷத்தில் 28 தொழிலாளர்கள் தலைக்கு ஒரு பவுன் சேர்த்துப் பொதுக் கடை ஒன்றை ஏற்படுத்தினார்கள். உலகத்து ஐக்கிய இயக்கம் அவர்களையே முன்னோர்களாகக் கொண்டாடுகிறது. கையில் பொதுச் சொத்து ஏதுமின்றி அவர்கள் ஆரம்பித்தார்கள். நமக்கோ முன்னோர் வெட்டிய கண்மாய் இன்னும் இருக்கிறது. வருகிற ஐப்பசி மழைக்கு முன் அதன் வரத்துக்கால் திறந்திருக்குமா என்பதை இன்றைய கூட்டத்திலேயே நிச்சயித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு, என் வார்த்தையை முடிக்கிறேன்.