மழலையர் விளையாட்டும் உயிரிரக்கமும்



கோவில்பட்டிக்கு மேற்கேயுள்ள கழுகுமலையில், தீர்த்தங்கரர் திருவுருவங்களுக்கிடையே, 22ஆம் தீர்த்தங்கரராகிய நேமிநாதரின் இயக்கி அம்பிகை தம் மைந்தர் இருவருடன் காட்சி தருகின்றார். அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர்களைக் குறிக்கின்றன. தாய்மையும் ஆசிரியமும் ஒருங்கே போற்றப்பட்ட நிலம் இது.

அந்நிலத்து ஊராகிய கடம்பூரில், மழை ஓய்ந்ததும் பிள்ளைகள் கரிசல் மண்ணைப் பிசைந்து வண்டி செய்வர். தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவர். பிள்ளையின் உள்ளத்தில் அப்போது இருப்பது வியப்பே. வதைக்கும் எண்ணம் இல்லை. அருகிருந்து நோக்கும் தாய் இதனை அறிவாள். அடித்துத் தடுத்தால் பிள்ளை மறைவில் சென்று அதனையே செய்யும்.

ஆதலின் விளையாட்டாகவே எண்ணக் கற்பித்தல் நலம். புழுவுக்கு ஈரறிவு, எறும்புக்கு மூவறிவு, தட்டானுக்கு நாலறிவு. “அய்யா, அதற்கும் கண் உண்டு, உன்னைப் பார்க்கிறது” என்று தாய் சொன்னால், பிள்ளையின் பிடி தானே தளரும்.

ஈராண்டுக் குழந்தை எறும்பு வரிசையை அறியாது மிதிக்கும். நான்கு வயதில் குனிந்து பார்க்கும். ஏழு வயதில், “மிதிக்காதே” என்று தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தும். உயரத்தைச் சுவரில் கோடிட்டு அளக்கும் பெற்றோர் இவ்வளர்ச்சியையும் அளத்தல் வேண்டும்.

அணுவிரதம் ஐந்தனுள் முதலாவது கொல்லாமை. அறநூலைக் கற்கும் முன்பே, தட்டானின் நூலை அவிழ்க்கும் சிறு விரல்களில் அது தொடங்குகின்றது.

வாழ்க அறம்! வளர்க மழலையர்!