வீட்டுத் தோட்டத்தில் செங்காந்தள்

(திருத்தணி வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரை)



ஆடிக் கிருத்திகைக்கு மலர்க் காவடிகள் படியேறும் ஊர் இது. முருகனுக்கு உகந்த மலர் என்று நம் முன்னோர் போற்றியது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. மொட்டு விரியும்போது இதழ்கள் பசுமஞ்சளாக இருக்கும். பிறகு நல்ல மஞ்சளாகி, நாளாக ஆகச் சிவந்துவிடும். கடைசி வரை மஞ்சளாகவே நிற்கும் வகையும் உண்டு. இதை வளர்க்கும் முறையையும், வளர்க்கும்போது காக்க வேண்டிய எச்சரிக்கையையும் சொல்லுகிறேன்.

கிழங்கு கலப்பை போல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும், கார்த்திகையை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப் பூ என்றும் இதற்குப் பெயர்.

வடிகால் உள்ள செம்மண் இதற்கு ஏற்றது. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். ஆனி, ஆடி மாதங்களில் நடலாம். 50 முதல் 60 கிராம் எடையுள்ள, அழுகலில்லாத கிழங்காகத் தேர்ந்தெடுங்கள். கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது. அது ஒடிந்தால் கிழங்கு முளைக்காது. மக்கிய தொழுஉரம் இட்டு, ஒன்றரை அடி இடைவெளியில், நான்கு விரல் ஆழத்தில் நடுங்கள். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு கொடியைத் தாங்கும். ஆகவே முளை வந்ததுமே மெல்லிய குச்சிகளோ கம்பி வலையோ அமைத்துவிட வேண்டும். காய் முற்றிக் கொடி காய்ந்ததும் நீரை நிறுத்திவிடுங்கள். கிழங்கு மண்ணுக்குள் உறங்கி, அடுத்த பருவத்தில் மீண்டும் முளைக்கும்.

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். சூல்தண்டு பக்கவாட்டில் விலகி நிற்பதால், காலை வேளையில் கையால் மகரந்தம் தடவுகிறார்கள். வீட்டில் பூ மட்டும் போதுமென்றால், காய் பிடிக்கும் முன்பே வாடிய பூவைக் கிள்ளிவிடுங்கள். காயும் ஆபத்தானதே.

இனி முக்கியமான செய்தி. வள்ளியம்மையைக் கண்டெடுத்தது வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் என்பார்கள். செங்காந்தள் கிழங்கு அந்தக் கிழங்கல்ல! செடி முழுவதும் கோல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. மருத்துவர் அளந்து கொடுத்தால் கீல்வாதத்துக்கு மருந்தாகும் பொருளே, கிழங்கைத் தின்றால் உயிரைக் குடிக்கும். சர்க்கரைவள்ளி என்று எண்ணி உண்டு இறந்தவர்கள் இலங்கையில் உண்டு. வேகவைத்தாலும் நஞ்சு நீங்கிவிடும் என்று நம்பாதீர்கள்.

ஆகவே தவழும் குழந்தை உள்ள வீட்டிலும், ஆடுமாடு மேயும் வேலியோரத்திலும் இதை நட வேண்டாம். சேனை, வள்ளிப் பாத்தியின் அருகிலும் வேண்டாம். தனித் தொட்டியில் வளர்ப்பது நல்லது. கையுறை அணிந்து கிழங்கைத் தொடுங்கள்; பிறகு கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மீதிக் கிழங்கைச் சமையலறையில் வைக்காதீர்கள்.

யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்க வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை காத்திராமல், கிழங்கின் துண்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாந்தி நின்றுவிட்டது என்று பாதியில் வீடு திரும்பவும் கூடாது. உடல் தேறியது போலத் தோன்றிப் பிறகு மோசமாவதும் உண்டு.

பூவை முருகனுக்குச் சூட்டுங்கள். கிழங்கைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் காத்துக்கொள்ளுங்கள்.