அளவுகோலையும் அளந்து பார்ப்போம்

(அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



சந்தையிலே எடைக்கல்லுக்கு அரசாங்க முத்திரை உண்டா என்று பார்க்கிறோம். குழந்தையின் அறிவு வளர்ச்சியை நிறுக்கும் வினாத்தாளுக்கு அதனினும் கண்டிப்பான முத்திரை வேண்டுமன்றோ?

அறிவுசார் குறைபாடென்பது, கற்றுச் சிந்திக்கும் ஆற்றலும், அன்றாடக் காரியங்களைத் தானே செய்துகொள்ளும் ஆற்றலும் ஆகிய இரண்டுமே வளரும் பருவத்திற்குள் குன்றியிருப்பதாகும். அதனை நிர்ணயிப்பவர் நிபுணர். அவரிடம் யாரை அனுப்புவதென்று காட்டும் சல்லடையே நம் கையிலுள்ள வினாத்தாள்.

சல்லடையைச் சோதிப்பது எவ்வாறு? 2 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்காக அமைந்த 'பத்துக் கேள்விகள்' என்னும் வினாத்தாளைப் பாருங்கள். பங்களாதேஷ், ஜமைக்கா, பாகிஸ்தான் நாடுகளில் பெற்றோரிடம் அதனைக் கேட்டனர். குறை உண்டென்று அது காட்டிய குழந்தைகளையும், இல்லையென்று காட்டியவர்களில் ஒரு பகுதியினரையும் நிபுணர்கள் முழுமையாகப் பரிசோதித்தனர். 1990-களில் முடிவுகள் வெளிவந்தன. கடுமையான அறிவுசார் குறைபாட்டை அது நன்கு காட்டிற்று. ஆனால், முன்பு அறியப்படாத செவிக்குறை, பார்வைக்குறைகள் பலவற்றைத் தவறவிட்டது. தேறிய குழந்தைகளையும் பரிசோதித்ததனாலன்றோ இவ்வுண்மை புலப்பட்டது!

ஒரு கணக்குப் பார்ப்போம். 1,000 குழந்தைகளில் 20 பேருக்குக் குறைபாடு உண்டென்று வைத்துக்கொள்வோம். வினாத்தாள், குறையுள்ளவரில் நூற்றுக்கு 90 பேரைப் பிடிக்கிறது. குறையற்றவரில் நூற்றுக்கு 90 பேரைச் சரியாக விலக்குகிறது. அப்பொழுதும் 2 பேர் தப்பிவிடுவர். அகப்படும் 116 பேரில் உண்மையில் குறையுள்ளவர் 18 பேரே; மீதி 98 பேர் குறையற்றவர்!

ஆதலின், அகப்பட்ட குழந்தையின் தாயிடம் 'மந்தம்' என்ற சொல்லைச் சொல்லிவிடாதீர்கள். ஊரார் ஒட்டிய பட்டம் எளிதில் உதிராது. "மாவட்ட மருத்துவமனையில் ஒரு முறை காட்டுவோம், அம்மா" என்பதே போதும். காது கேளாத பிள்ளையும் மந்தம்போல் தோன்றக்கூடும். செவியை முதலில் சோதிக்கச் செய்யுங்கள்.

வேற்றுமொழி வினாக்களைத் தமிழாக்கினால் மட்டும் போதாது. மாடிப்படியே காணாத குழந்தைக்குப் படியேறும் கேள்வி பொருந்துமா? பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கடைக்குச் சென்று மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்குகிறானா என்ற கேள்வியே தகும். வயதுக்கும் ஊருக்கும் ஏற்ற வினாக்களை நம் குழந்தைகளிடமே சோதித்து, எத்தனை மதிப்பெண்ணுக்குக் கீழே ஐயம் கொள்வதென்று வரையறுத்தல் அவசியமாகும்.

அத்தகைய ஆய்வுக்காக நிபுணர்கள் நம் வட்டாரத்திற்கு வருங்கால், தேறிய பிள்ளைகளில் சிலரையும் அழைப்பார்கள். "என் பிள்ளைக்குத்தான் ஒன்றுமில்லையே!" என்று தாய்மார் தயங்குவர். சல்லடையின் ஓட்டையை அறிய அப்பிள்ளையின் உதவியும் தேவையென்று எடுத்துரைத்து, அவர்களது சம்மதத்துடன் அழைத்து வாருங்கள். அப்பணி உங்களாலன்றி வேறு எவராலும் ஆகாது.