இடுப்பளவும் ஒரு கணக்குதான்

(ஏற்காட்டில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் களப்பணியாளர் குழு சார்பில் பேசியது)



வசூல், கடன், வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடிச்சாச்சு. இனி கொஞ்ச நேரம் நம்ம உடம்பைப் பத்திப் பேசலாம். உடல் எடைன்னு சொன்னதுமே பின்வரிசையில் சில பேர் சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்லை. யாரையும் கேலி பண்ண நாங்க வரலை.

2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலை. நம்ம மலைக் கிராமம் ஒன்றில் ஒரு அக்காவுக்குக் காய்ச்சல். மலைக் குளிருக்கு வந்த சளின்னு நினைச்சு மூணு நாள் மிளகுக் கஷாயம் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நாலாம் நாள் ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. படுத்தா மூச்சு முட்டுது, எழுந்து உட்கார்ந்தாதான் கொஞ்சம் தேவலை. ஜீப் பிடிச்சு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்துக்குக் கொண்டு போனோம். வளைவுக்கு வளைவு அவங்க முகத்தை டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டே போனதை இன்னும் மறக்க முடியலை. அங்கே போன பிறகுதான் அவங்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறதே தெரிஞ்சது. எடை 80 கிலோ. பல நாள் ஆக்சிஜன் வெச்சுப் பிழைச்சு வந்தாங்க. ஆனா அந்தக் கடனை அடைக்கவே ரொம்ப நாள் ஆச்சு.

ஒல்லியா இருந்தவங்களும் கொரோனாவில் இறந்தாங்க. அதனால "எடைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்"னு கேட்பீங்க. சம்பந்தம் இருக்கு. வயித்தைச் சுத்திக் கொழுப்பு சேர்ந்தா, அது கீழேயிருந்து நெஞ்சை அழுத்துது. நுரையீரல் முழுசா விரிய முடியலை. இரண்டு மூட்டைக்கு நடுவில் ஊதின பலூன் மாதிரின்னு வெச்சுக்குங்க. அதுக்கு மேல நோய்க்கிருமியும் நுரையீரலைத் தாக்கினா உடம்பு எப்படித் தாங்கும்? எடையோட சேர்ந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் வேற வந்துடுது. 2009-ல் பன்றிக் காய்ச்சல் பரவினப்பவும் பருமனானவங்களுக்கே நோய் அதிகமா முற்றினதை மருத்துவர்கள் கவனிச்சாங்க. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதி கொரோனா அவசரநிலை முடிஞ்சதுன்னு அறிவிச்சது உண்மைதான். கிருமி அதோட போயிடலை. அடுத்து எந்தக் காய்ச்சல் வரும்னும் யாருக்கும் தெரியாது.

"நாங்க என்ன பணக்காரங்களா, குண்டாகறதுக்கு?"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. நல்ல கேள்வி. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் 100-க்கு 40 பேர் அதிக எடை. 2015-16-ல் இது 31 ஆக இருந்துச்சு. அதே ஆய்வில் 100-க்கு 53 பெண்களுக்கு ரத்தசோகை. அதாவது எடை கூடியிருக்கு, ரத்தம் கூடலை. வயிறு நிறையுது, சத்து சேரலை.

நம்ம பாட்டிமார்கள் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் மொச்சையும் சாப்பிட்டாங்க. காப்பித் தோட்டத்துக்கு மேடும் பள்ளமுமா நடந்தே போனாங்க. இன்னிக்கு மூணு வேளையும் அரிசி. ரேஷன் அரிசியைக் குறை சொல்லலை, எத்தனையோ வீட்டில் பட்டினியைத் தீர்த்த அரிசி அது. தட்டில் சோறு மலையாவும் கீரை ஓரமாவும் இருக்குதே, அதைத்தான் சொல்றோம். சோத்தை ஒரு கரண்டி குறைச்சு, கீரை, அவரை, கொள்ளு, முட்டை கூட்டுங்க. ராத்திரிக்கு வாரம் ரெண்டு நாள் சாமை பொங்குங்க.

ஒரு கணக்கு போடுவோமா? ஒரு நாளைக்கு அஞ்சு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 5 கிராம்னா 50 கிராம். மாசத்துக்கு ஒன்றரை கிலோ, ஒருத்திக்கு மட்டும்! இதில் பாதியாவது குறைக்கணும். எண்ணெய் ஆளுக்கு மாசம் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். நம்ம கூட்டத்திலேயே போண்டாவும் இனிப்பு டீயும் கொடுக்கிறோமே, அது எங்க தப்புதான். அடுத்த கூட்டத்துக்கு அவிச்ச கடலை.

எவ்வளவு எடை சரின்னு கேட்டா, 150 சென்டிமீட்டர் உயரத்துக்கு 52 கிலோவுக்குள் இருந்தா நல்லது. 56-ஐத் தாண்டினா கவனிக்கணும். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள் இருக்கணும். 70 கிலோ இருக்கிறவங்க மூணரை கிலோ குறைச்சாலே சர்க்கரை, அழுத்தம் ரெண்டும் இறங்கி வரும். ஒரே மாசத்தில் பத்து கிலோ குறைக்கிறேன்னு பவுடர் விக்கிறவங்களை வாசலோடு அனுப்பிடுங்க. பட்டினி கிடக்காதீங்க. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் எடை குறைக்க முயற்சி பண்ணவே கூடாது. எந்த முயற்சியும் இல்லாம எடை தானா குறைஞ்சா ஆஸ்பத்திரிக்குப் போங்க, அது காசநோயாவோ சர்க்கரையாவோ இருக்கலாம்.

தினம் அரை மணி நேரம் வேகமா நடங்க. "நாள் பூரா வீட்டு வேலை செய்றோமே"ன்னு சொல்லாதீங்க, மூச்சு கொஞ்சம் வாங்கற மாதிரி நடந்தாதான் கணக்கு. முப்பது வயசு தாண்டினவங்க வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கரையும் அழுத்தமும் பார்த்துக்கணும். கிராம சுகாதார செவிலியர்கிட்ட கேளுங்க. மாத்திரை சாப்பிடறவங்க எடை குறைஞ்சதேன்னு தானா நிறுத்தாதீங்க. 2020 ஊரடங்கில் பஸ் இல்லாம மாத்திரை விட்டுப்போனவங்க பட்ட பாட்டைப் பார்த்திருக்கோம்.

குழுவுக்கு ஒரு வேண்டுகோள். சேமிப்புப் புத்தகம் மாதிரி ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு, மாசம் ஒரு தடவை எடையும் இடுப்பளவும் எழுதுங்க. அதை யாரும் சத்தமாப் படிக்கக் கூடாது, தீர்மானப் புத்தகத்திலும் ஏத்தக் கூடாது. அளவு எடுக்கத் தையல் தெரிஞ்ச சகோதரிகள் உதவுவாங்க. இன்னிக்கு டேப் கொண்டு வந்திருக்கோம். காலையிலேயே எங்க இடுப்பை அளந்து பார்த்தோம், 34 அங்குலம். அதனால முதல் நோட்டு எங்களுக்குத்தான். அந்தத் திரைக்குப் பின்னால ஒவ்வொருத்தரா வாங்க.