தொலைவே அவர்களின் சுதந்திரம்

 

மார்மன்களின் பயணத்தைச் சமயச் சுதந்திரம் தேடிய பயணம் என்கிறோம். அந்தச் சுதந்திரத்தை அவர்கள் எங்கே தேடினார்கள் என்பதே என் தலைமையுரையின் பொருள்.

1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய மார்மன் திருச்சபை, பத்தாண்டுகளுக்குள் ஒஹையோவிலும் மிசௌரியிலும் ஊர்களை எழுப்பி இழந்தது. மிசௌரி ஆளுநர் போக்ஸ் 1838 அக்டோபர் 27 அன்று விடுத்த ஆணை, மார்மன்களை அழித்தொழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டே விரட்ட வேண்டும் என்றது. மூன்றாம் நாள் ஹான்ஸ் மில் என்ற சிற்றூரில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த ஆணை முறைப்படி விலக்கப்பட்டது 1976இல்தான்.

சமய உரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அப்போதே நடைமுறையில் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது, அது நாடாளுமன்றத்தின் கையை மட்டுமே கட்டியது. அந்தத் திருத்தம் அடங்கிய உரிமைப் பட்டியல் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1833இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தது. 1839இன் இறுதியில் ஸ்மித் வாஷிங்டன் சென்று குடியரசுத் தலைவர் வான் பியூரனைச் சந்தித்து முறையிட்டார், பயன் கிட்டவில்லை.

மார்மன்கள் இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில் மீண்டும் வேரூன்றினார்கள். அங்கே நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். தம்மைக் கண்டித்து எழுதிய செய்தித்தாளின் அச்சகத்தை, நகரத் தலைவராக இருந்த ஸ்மித்தே 1844 ஜூனில் அழிக்க வைத்தார். அதே மாதம் 27ஆம் நாள், கார்த்தேஜ் சிறையில் அவரையும் அவருடைய அண்ணன் ஹைரமையும் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. துன்புறுத்தப்பட்டவர் கையிலும் அதிகாரம் என்ன செய்யும் என்பதற்கு அந்த அச்சகமும் சாட்சி.

1846 பிப்ரவரி 4 முதல் நாவூவை விட்டு வண்டிகள் உறைபனிக்காலத்து மிசிசிப்பியைக் கடக்கத் தொடங்கின. ஸ்மித்துக்குப் பின் தலைமை ஏற்ற பிரிகாம் யங் குறிவைத்த உப்பு ஏரிப் பள்ளத்தாக்கு அன்று மெக்சிகோவுக்கு உரியது. கத்தோலிக்கம் தவிர வேறு வழிபாட்டை மெக்சிகோவின் சட்டம் ஏற்கவில்லை. சமய உரிமையை எழுதி வைத்த நாட்டை விட்டு, அதை மறுத்த நாட்டுக்குள் அவர்கள் புகுந்தார்கள்! அந்தச் சட்டத்தை நிலைநாட்ட அங்கே ஆள் இல்லை என்பதே காரணம். 2,000 கிலோமீட்டர் தொலைவுதான் அவர்களின் அரண். இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்தும் உண்மை இது.

1847 ஏப்ரலில் புறப்பட்ட முன்னணிக் குழுவில் 148 பேர். அவர்களில் மூவர் கறுப்பின அடிமைகள். ஒருவரான கிரீன் ஃபிளேக், காய்ச்சலில் பின்தங்கிய யங்குக்கு முன்பே பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டார். யங் வந்து சேர்ந்த ஜூலை 24ஐ, அந்தப் பள்ளத்தாக்கு அமைந்த யூட்டா மாநிலம் இன்றும் கொண்டாடுகிறது. 1852இல் அந்த யூட்டாவின் சட்டமன்றமே அடிமை முறைக்கு இடமளித்துச் சட்டம் இயற்றியது.

அந்தத் தொலைவு வெறும் வெளியும் அல்ல. ஷோஷோனி மக்களும் யூட் மக்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிலம் அது. 1850இன் தொடக்கத்தில் யூட்டா பள்ளத்தாக்கில் மார்மன் படையினர் யூட் மக்களைப் பெருந்தொகையில் கொன்றனர். மிசௌரியில் ஊர் இழந்தவர்கள் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் பிறரை ஊர் இழக்கச் செய்தார்கள்.

அடுத்து யூட்டாவுக்கு வந்தவர்களில் ஏழைகள் மிகுதி. இங்கிலாந்திலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் கப்பலேறிய அவர்களுக்கு மாட்டுவண்டி வாங்க வசதியில்லை. ஆகவே 1856இல் கைவண்டித் திட்டம் வந்தது. ரயில் பாதை முடிந்த அயோவா நகரிலிருந்து தட்டுமுட்டுச் சாமான்களைத் தாங்களே இழுத்து நடக்க வேண்டும். அந்த ஆண்டு வில்லி, மார்ட்டின் ஆகியோர் தலைமையில் சென்ற குழுக்கள் தாமதமாகப் புறப்பட்டன. நன்கு உலராத மரத்தில் செய்த வண்டிகள் வழியிலேயே விரிசல் விட்டன. அக்டோபரில் வயோமிங் பகுதியில் பனி கொட்டியது. உணவு குறைந்தது, சுமையைக் குறைக்கப் போர்வைகளை முன்பே எறிந்திருந்தார்கள். 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எஞ்சியவர்களைக் காப்பாற்றியவை உப்பு ஏரி நகரிலிருந்து விரைந்த மீட்பு வண்டிகள். இந்த மக்களின் உறுதியை நினைக்கும்போது தலை வணங்குகிறேன். அவர்களைக் காலம் கடந்து அனுப்பிய முடிவை ஆய்வாளர்கள் விசாரிக்காமல் விடக்கூடாது.

அவர்கள் தேடிய அரணோ நிலைக்கவில்லை. 1848இலேயே அமெரிக்க-மெக்சிகோப் போர் முடிந்து மெக்சிகோ அவர்கள் குடியேறிய நிலத்தை அமெரிக்காவிடம் விட்டுக்கொடுத்திருந்தது. 1869 மே மாதம் கண்டம் கடந்த ரயில் யூட்டாவின் புரோமன்டரியில் இணைந்தபோது தொலைவும் மறைந்தது. பத்தாண்டில், 1879இல், மார்மன்கள் கடைப்பிடித்த பலதார மணத்துக்குச் சமய உரிமையின் காப்பு இல்லை என்று ரெனால்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவனின் சிதையில் எரிவதே தன் சமயக் கடமை என்று மனைவி நம்பினால், அதைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லையா என்று அந்தத் தீர்ப்பு கேட்கிறது. இந்திய வழக்கம் ஒன்று அமெரிக்கச் சமய உரிமையின் எல்லையை வரைய உதவியிருக்கிறது. இதை நம் ஆய்வாளர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். இன்னொரு தொடர்பும் உண்டு: 1853இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மார்மன் ஊழியர் சென்னைக்கே வந்து பிரசாரம் செய்தார்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பயணிகளின் நாட்குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றை மட்டும் நம்பி எழுதாதீர்கள். யூட், ஷோஷோனி மக்களின் நினைவுகளையும் கிரீன் ஃபிளேக் போன்றோரின் தடயங்களையும் அதே மேசையில் வைத்துப் பேசுங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைத்து, மிசௌரி வெளியேற்றத்தைப் பற்றிய முதல் கட்டுரைக்கு அவையை ஒப்படைக்கிறேன்.