எங்கட மலை எது?



பிரயாண அனுபவம் என்றதும் போன இடம், பார்த்த காட்சி, உண்ட உணவு என்று வரிசையாகச் சொல்வது வழக்கம். முப்பத்தைந்து வருடம் தமிழ் படிப்பித்த எனக்கு அது அவ்வளவாகக் கைவராது. எங்கே போனாலும் முதலில் பெயர்கள்தான் கண்ணில் தட்டுப்படும். நியூசிலாந்தின் வட தீவிலே, மகள் குடும்பத்தோடு எரிமலைப் பிரதேசமொன்றில் நடந்த ஒரு நாளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அங்கேயும் பெயர்தான் என்னை மறித்தது.

மூன்று எரிமலைகள் அங்கே அருகருகே நிற்கின்றன. தொங்காரிரோ, ஙாவுருஹோயே, ருவாப்பேஹு. நடுவிலுள்ள பெயரைக் கவனியுங்கள். ஙகரத்தில் தொடங்குகிறது. ங சொல்லுக்கு முதலில் வருவது அருமையிலும் அருமை என்று வகுப்பிலே எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஆத்திசூடி பாடிய ஔவையே ஙகரத்துக்கு வந்தபோது அந்த எழுத்தின் வடிவத்தைத்தான் உவமையாக்க வேண்டியிருந்தது. மாவோரி மொழியிலோ அது சர்வசாதாரணம். ஆங்கிலம் பேசுவோரின் நாக்கு அந்த இடத்தில் தடுக்குகிறது. என் நாக்கு தடுக்கவில்லை. "அம்மப்பாவுக்கு வருது!" என்று பதினொரு வயதுப் பேத்தி துள்ளினாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு அவளுடைய ஆங்கிலம் அரைகுறை. இருவருக்கும் முழுதாகத் தெரிந்த எழுத்து அன்று அது ஒன்றுதான்.

இந்தப் பயணத்துக்குக் காரணமே அவளுடைய பள்ளிக்கூட வேலைதான். 'பெபேஹா' என்று மாவோரிகளிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் சபையில் தம்மை அறிமுகஞ் செய்யும்போது பெயரைச் சொல்லமுன், என் மலை இன்னது, என் ஆறு இன்னது, என் முன்னோர் வந்த தோணி இன்னது என்று சொல்ல வேண்டும். இப்போது பள்ளிப் பிள்ளைகளும் அதைப் பழகுகிறார்கள். பேத்தியின் கொப்பியிலே மலைக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. "மலையைப் பார்த்தால் ஒன்று தோன்றும்தானே" என்றார் மருமகன். தை மாதம், அங்கே கோடைகாலம், புறப்பட்டோம்.

போகிற வழியில் றொட்டோருவாவில் வெந்நீர் ஊற்றுகளைப் பார்த்தோம். நம் நாட்டில் எரிமலை இல்லை. வெந்நீருக்குக் கன்னியாவின் ஏழு கிணறுகள் உண்டு; இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக வாளால் நிலத்தைக் குத்தி எடுத்தான் என்பது அதன் கதை. மாவோரிகளின் கதையும் குடும்பக் கதைதான். ஙாதோரோஇராங்கி என்ற பூசகன் கடல் கடந்து வந்து இந்த மலையில் ஏறுகிறான். பனியில் உடம்பு விறைக்கிறது. சாகப்போகும் நிலையில், தாயகமான ஹவாயிக்கியில் இருக்கும் சகோதரிகளைக் கூவி, நெருப்பு அனுப்பச் சொல்கிறான். தென்றிசைக் காற்று என்னைக் கொண்டுபோகிறது என்ற அந்தக் கூவலிலிருந்தே 'தொங்கா', 'ரிரோ' என மலைக்குப் பெயர் வந்ததாம். சகோதரிகள் அனுப்பிய நெருப்பு கடலடியால் வந்து, வக்காரி தீவில் தலைகாட்டி, றொட்டோருவாவில் சிந்தி, தவுப்போவில் சிந்தி, கடைசியில் மலையுச்சியில் அவனிடம் போய்ச் சேர்ந்தது. சிந்திய இடமெல்லாம் இன்றும் கொதிக்கிறது. குளிர் நாட்டுக்குப் போன தம்பிமாருக்கு மிளகாய்த்தூள் சரை கட்டி அனுப்பிய அக்காமார் நம்மிடையே எத்தனை பேர்! இந்தக் கதையை யாழ்ப்பாணத்துக்காரருக்கு விளக்கவேண்டியதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். ஙாவுருஹோயே என்ற பெயர், பூசகனோடு மலையேறி மாண்ட அவுருஹோயே என்ற அடிமையின் நினைவாக வந்தது என்கிறார்கள். அடிமைக்கு நெருப்பு அனுப்ப யாரும் இருக்கவில்லை. கதை அதைக் கடந்து போய்விடுகிறது.

சிந்திய நெருப்பு வெறுங் கதையுமல்ல. அதே வக்காரி தீவில் 2019 டிசெம்பர் 9இல் எரிமலை வெடித்து 22 பேர் இறந்தார்கள். தொங்காரிரோவிலும் 2012 ஓகஸ்ட் 6 இரவு ஒரு வாய் வெடித்து, எறியப்பட்ட பாறைகள் மலைக்குடில் ஒன்றின் கூரையைத் துளைத்தன. குடிலில் அன்று ஆளில்லாதது அதிர்ஷ்டம்.

மாங்காதேப்போப்போ என்ற பள்ளத்தாக்கில் காலையிலே நடக்கத் தொடங்கினோம். மாங்கா என்றால் ஓடையாம், வாயூற வேண்டாம். முழுப் பாதையும் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். அவ்வளவும் நடக்கும் எண்ணம் எங்களுக்கு இருக்கவில்லை. தொடக்கத்தில் பலகை நடைபாதை, இருபுறமும் மஞ்சள் புற்கற்றைகள். பிறகு கருங்குவியல்கள். 1949இலும் 1954இலும் ஙாவுருஹோயே கக்கிய குழம்பு ஆறுபோல இறங்கி, அப்படியே உறைந்து கிடக்கிறது. என்னிலும் வயது குறைந்த கல்லை வாழ்க்கையில் முதல்முறை அங்கேதான் பார்த்தேன். 1954இன் கல் எனக்குத் தம்பி முறை. தொட்டால் செங்கட்டியைப் போலச் சொரசொரப்பு. மேலே பாசி மெல்லப் படர்கிறது.

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று படித்தோம். இந்த மலையில் தேனில்லை, தினையில்லை. வெம்மை இருக்கிறதே, பாலை எனலாமா? பாலையின் வெம்மை மேலே ஞாயிற்றிலிருந்து வருவது. இங்கே அது காலின் கீழிருந்து வருகிறது. மேலே காதை அறுக்கும் குளிர்காற்று. ஐந்திணையில் இதற்கு இடமில்லை. தொல்காப்பியர் எரிமலை காணாதது அவர் குற்றமுமல்ல.

செங்குத்தான ஏற்றம் ஒன்று முடிய, 'தென் எரிவாய்' எனப்படும் பரந்த தட்டை நிலம் வந்தது. உண்மையில் அது எரிமலை வாயே அல்ல, மலைகளுக்கு நடுவே வண்டல் படிந்த பள்ளம். ஊர்த் தரவை போல இருந்தது. அதற்கு அப்பால் 1886 மீற்றர் உயரத்திலுள்ள செவ்வாய்க்கு ஏற வேண்டும். செவ்வாய்க் கிரகமல்ல, இரும்பு துருப்பிடித்துச் சிவந்த எரிமலை வாய். என் முழங்கால் அங்கே மறுத்துவிட்டது. "அப்பா, இதுக்கு மேலே நீங்கள் வேண்டாம்" என்றாள் மகள். மருமகனும் பேத்தியும் ஏறினார்கள். மகளும் நானும் பாறையொன்றின் காற்றுமறைவில் குந்தினோம்.

குடுவையிலிருந்து தேத்தண்ணி வார்த்துத் தந்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா, அந்தக் காணி..." என்று தொடங்கினாள்.

கீரிமலைப் பக்கம் எங்களுக்கு ஒரு காணி. 1990இல் விட்டு வெளியேறியது. கால் நூற்றாண்டுக்கும் மேலே கழித்துக் கையில் திரும்பியபோது வீடு இல்லை, கிணறு இருந்தது. விற்றுவிட வேண்டும் என்பது பிள்ளைகளின் எண்ணம். அற்றோர்ணித் தத்துவக் கடதாசியை நான் வந்து இறங்கிய கிழமையே மகள் எடுத்து வைத்திருந்தாள். நான் கையெழுத்து வைக்கவில்லை, வைக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நான் அவளுக்கு ஹொரோனுக்குவின் கதையைச் சொன்னேன். தூவாரெத்தோவா இனத்தின் தலைவர், நான்காம் தே ஹேவுஹேவு. ஹொரோனுக்கு என்றால் மண்சரிவு. 1846இல் தகப்பனை மண்சரிவுக்குப் பறிகொடுத்தவர், அதையே தம் பெயராக்கிக்கொண்டார். தகப்பனின் எலும்புகளைப் பிறகு இந்த மலையிலே கொண்டுவந்து வைத்தார்கள். 1880களில் காணி நீதிமன்றம் மாவோரி நிலங்களைத் துண்டு துண்டாக்கிப் பெயர் எழுதிக்கொண்டிருந்தது. துண்டானது விலைபோகும். தகப்பனின் எலும்பு கிடக்கும் மலையைத் துண்டாட விடுவதா? 1887 செப்டெம்பர் 23இல் சிகரங்களை அவர் முடிக்குரியனவாகக் கொடுத்தார். யோசனை சொன்னவர் மருமகன் லோரன்ஸ் கிறேஸ் என்பார்கள். காணி விஷயத்தில் மருமகன்மார் யோசனை சொல்வது உலகப் பொது வழக்கம்போலும். அதிலிருந்தே நியூசிலாந்தின் முதல் தேசியப் பூங்கா உருவாயிற்று.

அரசு அதைத் தானம் என்று எழுதிக்கொண்டது. தலைவர் கருதியதோ 'துக்கு'. கொடுப்பதுதான், ஆனால் கை விடுவதல்ல. நீயும் நானும் சேர்ந்து காப்போம் என்று மற்றவரை உறவுக்குள் இழுப்பது. வைத்தாங்கி நியாயசபை 2013இல் வெளிவந்த அறிக்கையில் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. ஒரு சொல்லுக்கு வேறு மொழியில் பிழையான சொல்லைப் போட்டதன் விலை, நூறு வருடத்துக்கு மேற்பட்ட வழக்கு.

"எங்களுக்கு அப்பிடிக் குடுக்க யார் இருக்கினம், அப்பா?" என்று மகள் கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. என்னிடம் பதில் இருக்கவில்லை. எதிரே ஙாவுருஹோயேயின் கூம்பிலே முகில் ஏறி இறங்கியது. திரைப்படமொன்றில் வந்த பெயரைச் சொல்லிச் சில இளைஞர்கள் அதன்முன் படம் பிடித்தார்கள். புனிதமாதலால் உச்சிக்கு ஏற வேண்டாம் என்பது அந்த மக்களின் வேண்டுகோள்.

இரண்டு மணித்தியாலம் கழித்துப் பேத்தி சப்பாத்தெல்லாம் செம்புழுதியாய் ஓடிவந்தாள். மேலே நிலம் சுடுகிறதாம், கந்தகம் மணக்கிறதாம், அப்பால் பள்ளத்தில் மூன்று பச்சைக் குளங்களாம். அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று தகப்பனுக்குத் தானே சொல்லிக்கொடுத்தாளாம். பிறகு சட்டென்று முகம் மாறியது.

"அம்மப்பா, இது அவையின்ர மலை. நான் எழுத ஏலாது. எங்கட மலை எது?"

யாழ்ப்பாணத்தில் ஏது மலை? மகள் என்னைப் பார்த்தாள். "கீரிமலை" என்றேன்.

கொப்பியை எடுத்து, பாறைமேல் வைத்து, அந்த நாலு எழுத்தையும் என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "எவ்வளவு உயரம்?" என்றாள்.

நான் யோசித்துக்கொண்டிருக்க, மகள் எழுந்து, தன் முழங்காலளவில் கையை வைத்துக் காட்டினாள். மூவரும் சிரித்தோம். "பக்கத்திலை கேணி இருக்கு. நல்ல தண்ணி, கடலோடை ஒட்டி. நான் நீந்தப் பழகினது அதிலைதான்" என்று மகள் அவளுக்குச் சொல்லத் தொடங்கினாள். பள்ளத்தாக்கில் இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.