வெயிற்காலத்தில் குழாய் ஏன் வறண்டு போகிறது?

(செடெனாக் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் உங்களுக்குப் புதியதன்று. வெயில் கடுமையாகும் நாள்களில் வீட்டுக் குழாய் ஏன் வறண்டு போகிறது என்பதே அது. இதைப் பற்றிப் பேசவேண்டும் என்னும் எண்ணம் எமக்கு ஏற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. முன்னொரு வறட்சியின்போது தோட்டம் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தோம். மேட்டு லயத்தில் குடியிருந்தோரும் பள்ளத்து லயத்தில் குடியிருந்தோரும் ஒருவரோடொருவர் பேசாதிருந்தனர். “கீழ் லயத்துக்காரர்கள் எங்கள் தண்ணீரைத் திருடுகிறார்கள், ஐயா” என்றார் மேட்டில் குடியிருந்த மூதாட்டி ஒருவர். “எங்கள் வீட்டுக் குழாயைத்தானே நாங்கள் திறக்கிறோம்? இதில் திருட்டு எங்கிருந்து வந்தது?” என்றனர் கீழே இருந்தோர். இரு சாராரும் பொய் சொல்லவில்லை. ஆயினும், கோயில் திருவிழாவுக்குக்கூட ஒன்றாகக் கூடமாட்டோம் என்னும் அளவுக்குப் பகை முற்றியிருந்தது. குழாயின் இயல்பை அறிந்திருந்தால் அப்பகை வளர்ந்திராது.

முதலில் உங்கள் தொழிலிலிருந்தே ஒரு கேள்வி கேட்கிறோம். பால்வெட்டை விடியுமுன்னரே ஏன் தொடங்குகிறோம்? வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பீர்கள். உண்மைதான். இரவில் இலைகள் நீரை அதிகம் வெளிவிடுவதில்லை. வேர்கள் உறிஞ்சிய நீர் மரத்தில் நிறைகிறது. விடியற்பொழுதில் பால் குழல்களுக்குள் உள்ள அழுத்தம் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு இருக்கும். ஆகவே பட்டையைச் சீவியவுடன் பால் விரைந்து வடிகிறது. வெயில் ஏறியதும் ஆயிரக்கணக்கான இலைகள் ஒரே நேரத்தில் நீரை இழக்கின்றன, அழுத்தம் தாழ்கிறது, மங்கில் விழும் பாலும் குறைகிறது. மரம் அதே மரந்தான், அழுத்தமே மாறிவிட்டது.

உங்கள் வீட்டுக் குழாயின் கதையும் இத்தகையதே. இரவில் அனைவரும் உறங்கும்போது மேல்நிலைத் தொட்டி நிரம்புகிறது. பிரட்டுக்குப் போகுமுன் எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் குழாய் திறக்கப்படுகிறது. வேலை முடிந்து திரும்பியதும் குளிப்பதற்கும் துவைப்பதற்கும் மறுபடியும் ஒரே நேரத்தில் திறக்கப்படுகிறது. வெயிற்காலத்தில் ஒருமுறை குளித்தவர் இருமுறை குளிக்கிறார். செடிகளுக்கும் கூடுதலாக நீர் வேண்டியிருக்கிறது. தொட்டியில் நீர் இருந்தாலும் குழாயில் அழுத்தம் தாழ்ந்துவிடுகிறது.

அழுத்தம் தாழும்போது முதலில் வறள்வது எவர் வீட்டுக் குழாய்? நாம் ஆசிரியராகப் பணியாற்றிய நாள்களில் மாணவர்களுக்கு எளிய சோதனை ஒன்றைச் செய்து காட்டுவதுண்டு. பழைய மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றில் மேலும், நடுவிலும், அடியிலுமாக மூன்று துளைகள் இட்டு நீர் நிரப்புவோம். அடித்துளையிலிருந்து நீர் வேகமாகப் பாயும். மேல்துளையிலிருந்து மெல்ல ஒழுகும். நீர்மட்டம் இறங்க இறங்க முதலில் நின்றுபோவது மேல்துளைதான். அடித்துளையோ கடைசிச் சொட்டுவரை ஓடும். மேட்டு லயம் மேல்துளையைப் போன்றது. குழாய் 10 மீட்டர் உயரம் ஏறினால் நீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு அழுத்தத்தை இழந்துவிடும். ஆகவே மேட்டில் இருப்போரும், குழாய்வரிசையின் கடைக்கோடியில் இருப்போருமே முதலில் துன்புறுகின்றனர். அந்த மூதாட்டியின் வாளி வெறுமையாய் இருந்ததற்குக் காரணம் இதுவே. கீழ் லயத்தார் திருடவில்லை. பள்ளம் நோக்கி ஓடுவது நீரின் இயல்பு.

இனி, தொட்டிக்கே நீர் வராமற்போவது ஏன் என்பதைக் காண்போம். நம் நாட்டில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. தமிழ்நாட்டின் சராசரி மழையோ 1,000 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. இவ்வளவு மழை பெய்யும் நாட்டில் பஞ்சம் எப்படி வருகிறது? மழை ஆண்டு முழுவதும் ஒரே சீராகப் பெய்வதில்லை. ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தபின், பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வானம் வெளுத்துவிடுகிறது. ரப்பர் மரங்கள் இலையுதிர்ப்பதும் அக்காலத்தில்தான். நீர் குறையும் காலத்தில் செலவைக் குறைக்கவேண்டும் என்பதை மரம் அறிந்து வைத்திருக்கிறது. நாமோ அப்போதுதான் செலவைக் கூட்டுகிறோம்.

எல் நினோ என்னும் நிலை தோன்றும் ஆண்டுகளில் வறட்சி நீண்டுவிடும். பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்திற்கு மாறாகச் சூடாவதால் நம் பக்கத்து மழை குறைந்துபோகும் நிலையே அது. 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல இலட்சம் மக்கள் மாதக்கணக்கில் பங்கீட்டு நீரைக் கொண்டு வாழ நேர்ந்தது. 2015-இல் நம் மாநிலத்திலேயே சுங்கை லெபாம், மேல் லாயாங் அணைகளின் நீர்மட்டம் தாழ்ந்து நீர்ப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. 2016-இல் லிங்கியு நீர்த்தேக்கம் கொள்ளளவில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குச் சுருங்கியது. தமிழகத்திலோ 2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் கொண்டுவரப்பட்டது.

மழை பொய்ப்பதோடு வெயிலும் நீரைக் கவர்கிறது. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் உயரமுள்ள நீர் ஆவியாகிறது. ஒரு எக்டர் பரப்புள்ள குளத்தில் அது 40,000 லிட்டராகும். கண்ணுக்குத் தெரியாமலே இவ்வளவும் மறைந்துவிடுகிறது.

ஆறு சுருங்கினால் இன்னும் இரண்டு கேடுகள் உண்டு. ஒன்று, கழிமுகத்தில் கடலின் உப்புநீர் ஆற்றுக்குள் ஏறுகிறது. லிங்கியுவிலிருந்து நீரைத் திறந்துவிடுவது அந்த உப்பைப் பின்னோக்கித் தள்ளுவதற்காகவுமே. மற்றொன்று, ஆற்றில் கலக்கும் கழிவுகள் கரைந்து போவதற்குப் போதிய நீர் இருப்பதில்லை. 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அமோனியா மிகுந்ததால் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இயக்கத்தை நிறுத்த நேர்ந்தது. ஆற்றில் நீர் ஓடிக்கொண்டிருந்தும் வீடுகளில் குழாய்கள் வறண்டன. அந்த ஜொகூர் ஆற்றின் கிளைகளுள் ஒன்று சாயோங் ஆறு. சிற்றோடையில் நாம் கொட்டும் எண்ணெயும் மருந்துக் கழிவும் குப்பையும் இத்தகைய ஆறுகளையே சென்றடைகின்றன. ஓடையைக் காப்பது குடிநீரைக் காப்பதாகும்.

நீரை வேண்டுவோர் தொகையும் பெருகிவிட்டது. ரப்பர் நின்ற நிலங்கள் பல செம்பனையாகவும், வீடமைப்புத் திட்டங்களாகவும், தொழிற்பேட்டைகளாகவும் மாறியுள்ளன. செடெனாக்கிலேயே இன்று தொழில்நுட்பப் பூங்கா ஒன்று எழுந்து, கணினித் தரவு மையங்கள் அமைந்துள்ளன. அங்குள்ள இயந்திரங்களைக் குளிர்விக்கவும் நீர் வேண்டும். இதனோடு, நாட்டில் சுத்திகரிக்கப்படும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டது குழாய்க் கசிவு முதலிய காரணங்களால் கணக்கில் வராமல் போகிறது. ஆகவே பஞ்சத்தின் பழி முழுவதையும் வீட்டில் குளிப்பவர் மீதும் துவைப்பவர் மீதும் சுமத்துவது முறையன்று. ஆறு, அணை, பெருங்குழாய் ஆகியவற்றைப் பேணுவது அரசுக்கும் நீர் விநியோகிப்போருக்கும் உரிய பொறுப்பு. தோட்டக் குடியிருப்புகளுக்குப் போதிய குழாய் நீரை இலவசமாக அளிப்பது முதலாளியின் கடமை என்று, தொழிலாளர் குடியிருப்பு வசதிகளின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நீர் நின்றுபோனால் நிருவாகத்திடம் முறையிடுங்கள். பயன் விளையாவிடில் தொழிற்சங்கத்தையும் தொழிலாளர் இலாகாவையும் நாடுங்கள். எந்த நாள், எத்தனை மணி நேரம் நீர் வரவில்லை என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு பேசினால் உங்கள் சொல்லுக்கு வலிமை கூடும்.

நாமே செய்யக்கூடியவையும் சில உண்டு.

முதலாவது, முறைவைத்து நீர் பிடிப்பது. அனைவரும் ஒரே நேரத்தில் திறக்காமல், லயத்துக்கு லயம் நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். மேட்டில் இருப்போருக்கு முதல் முறை தருவது நியாயம்.

இரண்டாவது, கசிவை அடைப்பது. நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய் நாள் ஒன்றுக்கு 4 லிட்டருக்கு மேல் வீணாக்கும். ஒரு மாதத்தில் அது ஆறு பெரிய வாளி நீருக்குச் சமம். சில காசு பெறும் இரப்பர் வளையம் ஒன்று அதைத் தடுத்துவிடும். அந்த இரப்பர் நீங்கள் வடித்த பாலினால் ஆனதாகவும் இருக்கலாம் அல்லவா?

மூன்றாவது, கூரைநீரைச் சேமிப்பது. 50 சதுர மீட்டர் கூரையின்மேல் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழுகிறது. அதில் ஒரு பங்கைப் பீப்பாயில் பிடித்தாலும் துவைக்கவும் கழுவவும் செடிகளுக்கு ஊற்றவும் உதவும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அவர்களைவிட இருமடங்கு மழை பெறும் நாம் அதைச் சாக்கடையில் விடலாமா?

நான்காவது, சேமித்த நீரை மூடி வைப்பது. திறந்த பீப்பாயில் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது கொசுவாகப் பறந்துவிடும். நீர்ப்பஞ்சத்துக்கு அஞ்சிச் சேமித்த நீர், பிள்ளைகளுக்கு டிங்கிக் காய்ச்சலைக் கொண்டுவரக்கூடாது. பீப்பாயை இறுக மூடுங்கள். வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

தொடக்கத்தில் கூறிய தோட்டத்திற்கு மீண்டும் வருவோம். அன்று மாலை கிராணியாரையும் மண்டோரையும் இரு லயத்தாரையும் ஓரிடத்தில் கூட்டி, அதே தகரத்தில் மூன்று துளையிட்டுக் காட்டினோம். மேல்துளை வறண்டபோது கூட்டத்தில் பேச்சே எழவில்லை. சற்று நேரம் கழித்து, கீழ் லயத்தைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் எழுந்து, “அதிகாலையில் அரைமணி நேரம் நாங்கள் குழாயைத் திறக்கமாட்டோம். அக்கா வீட்டில் முதலில் பிடித்துக்கொள்ளட்டும்” என்றார். மறுநாள் விடியுமுன் மூதாட்டியின் வாளி நிறைந்தது. குழாய்க்குள் ஒரு சொட்டு நீரும் கூடுதலாக வரவில்லை. பஞ்சமும் அன்றே தீர்ந்துவிடவில்லை. மழை வரும்வரை இரு லயத்தாரும் சிக்கனமாகவே இருந்தனர். ஆயினும், இருந்த நீர் எல்லார் வீட்டுக்கும் சென்றது.

அடுத்த வெயிற்காலம் வருமுன், உங்கள் லயத்தில் எந்த வீட்டுக் குழாய் முதலில் வறள்கிறது என்பதைக் கேட்டறிந்து கொள்ளுங்கள். அந்த வீட்டிலிருந்து உங்கள் முறையைத் தொடங்குங்கள்.